வாக்கியத்தில் இல்லாத கிரகம்

2025 மார்ச் மாதம் தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரே குழப்பம். திருக்கணிதப் பஞ்சாங்கம் வைத்திருந்தவர்கள், 29ஆம் தேதி சனி கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போகிறார் என்றார்கள். திருநள்ளாறு கோயிலோ, தாங்கள் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம், அதன்படி சனிப்பெயர்ச்சி 2026இல்தான் என்று அறிவித்தது. ஏழரை பிடித்துவிட்டதா, இன்னும் ஓராண்டு தவணை இருக்கிறதா என்று தெரியாமல் மேஷ ராசிக்காரர்கள் தவித்தார்கள். வானத்தில் இருப்பது ஒரே சனி. அதற்கு இரண்டு கணக்குகள். இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஓராண்டு வித்தியாசம்.

கணக்குக்கும் வானத்துக்கும் இடையே விழும் வித்தியாசத்தை என்ன செய்வது? முன்னோர் கணக்கு என்று கண்ணை மூடிக்கொள்ளலாம். கணக்கைத் திருத்தலாம். மூன்றாவதாகவும் ஒரு வழி உண்டு. கணக்கும் சரி, பார்வையும் சரி, நடுவில் இதுவரை யாரும் அறியாத ஒன்று நின்று இழுக்கிறது என்று துணிந்து சொல்லலாம். அப்படித் துணிந்து சொன்னபோதுதான் 1846இல் நெப்டியூன் அகப்பட்டது. அதற்குக் காரணமாக இருந்த வித்தியாசம் வெறும் இரண்டு கலை. முழுநிலவின் அகலத்தைப் பதினைந்து கூறாக்கினால் ஒரு கூறு.

இந்தக் கிரகத்தைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. பாடநூல் வகை அதன் விட்டத்தையும் தூரத்தையும் சொல்லி முடித்துக்கொள்ளும். சோதிட வகை அது மாயை, கனவு, கடல், ஏமாற்று என்று பலன் சொல்லும். இரண்டையும் அருகருகே வைத்து, எது வானத்திலிருந்து வந்தது, எது மனிதன் ஏற்றிவைத்தது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன். சோதிடத்தை நம்புகிறவருக்கும் அது பயன்படும், நம்பாதவருக்கும் பயன்படும்.

கதை யுரேனஸிலிருந்து தொடங்குகிறது. 1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டார். சனிதான் கடைசி என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்த எல்லை அன்று உடைந்தது. அதற்கு முன்பே பலர் அதை விண்மீன் என்று எண்ணிக் குறித்துவைத்திருந்தார்கள்; 1690இல் வானியலர் பிளாம்ஸ்டீடும் குறித்திருக்கிறார். பாரிஸில் அலெக்சி பூவார் 1821இல் யுரேனஸுக்கு அட்டவணை போட்டபோது, பழைய குறிப்புகளையும் புதிய குறிப்புகளையும் ஒரே பாதைக்குள் அடக்க முடியவில்லை. பழையவை பிழையாக இருக்கலாம் என்று ஒதுக்கிவிட்டுப் புதியவற்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டார். சில ஆண்டுகளிலேயே அந்தக் கணக்கையும் மீறிக்கொண்டு யுரேனஸ் விலகியது.

காரணம் இன்று நமக்குத் தெரியும். ஏறத்தாழ 1822 வரை நெப்டியூன் யுரேனஸுக்கு முன்னால் இருந்தது. தன் ஈர்ப்பால் அதை முன்னோக்கி இழுத்தது. உள்பாதையில் விரைந்து செல்லும் யுரேனஸ் அதைக் கடந்து சென்ற பிறகு, அதே ஈர்ப்பு பின்னாலிருந்து பிடித்து இழுத்தது. முதலில் வேகம் கூடியது, பிறகு குறைந்தது. தெருவில் நடந்து போகிறவரின் கையை, நம் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் முதலில் முன்னால் நின்றும் பிறகு பின்னால் நின்றும் பற்றி இழுத்தால், அவர் நடையைப் பார்த்தே அந்த ஆள் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிட முடியுமா? 1840களில் இரண்டு பேர் அதைச் செய்ய உட்கார்ந்தார்கள்.

ஒருவர் ஜான் கவுச் ஆடம்ஸ். கார்ன்வாலில் குத்தகை விவசாயி ஒருவரின் மகன், கேம்பிரிட்ஜில் படித்தவர். 1845 இலையுதிர்காலத்தில் தன் விடையை ஒரு தாளில் எழுதி, கிரீனிச் வானாய்வகத் தலைவர் ஜார்ஜ் ஏரியின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். ஏரி பதிலுக்கு ஒரு கேள்வி அனுப்பினார். ஆடம்ஸ் அதற்குப் பதில் எழுதவில்லை. இன்னொருவர் பாரிஸின் ஊர்பைன் லெ வெரியர். வானியலர் அராகோ தூண்டியதன் பேரில் இந்த வேலையில் இறங்கி, 1846 ஆகஸ்ட் முடிவதற்குள் புதிய கிரகம் இருக்கவேண்டிய இடத்தை அச்சில் வெளியிட்டுவிட்டார். பிரான்சில் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை. அப்போதுதான் பெர்லின் வானாய்வகத்தின் யோஹான் காலே நினைவுக்கு வந்தார். ஓராண்டுக்கு முன் காலே தன் ஆய்வேட்டை அனுப்பியிருந்தார். லெ வெரியர் அதற்குப் பதிலே போடவில்லை. இப்போது அதற்கு நன்றி சொல்லும் சாக்கில், இந்த இடத்தில் தேடிப் பாருங்கள் என்று செப்டம்பர் 18 தேதியிட்ட கடிதத்தை எழுதினார்.

கடிதம் 23ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. அன்று பெர்லின் வானாய்வகத் தலைவர் என்கேயின் 55ஆவது பிறந்தநாள், வீட்டில் விருந்து. தொலைநோக்கியைக் காலே கேட்டபோது அவர் முதலில் தயங்கினார், பிறகு சரி என்றார். பக்கத்தில் நின்ற 24 வயது மாணவர் ஹைன்ரிக் தாரே, நானும் வருகிறேன் என்று சேர்ந்துகொண்டார். இரவில் பிரவுன்ஹோபர் செய்த 24 செ.மீ. தொலைநோக்கியைக் குறித்த இடத்துக்குத் திருப்பினார்கள். வட்டாகத் தெரியவேண்டிய கிரகம் எதுவும் தெரியவில்லை, எல்லாம் புள்ளிகள். அப்போதுதான் தாரேக்கு ஒரு யோசனை: விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிட்டால் என்ன? பெர்லின் அகாதெமிக்காக பிரெமிக்கர் தயாரித்த புதிய வரைபடத்தில் அந்தப் பகுதியின் தாள் அலமாரியில் இருந்தது. அது இன்னும் வெளியூர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. காலே தொலைநோக்கியில் கண்ணை வைத்து ஒவ்வொரு புள்ளியாக இடமும் ஒளியும் சொல்ல, தாரே விளக்கொளியில் வரைபடத்தில் விரலை வைத்துச் சரிபார்த்தார். இருக்கிறது, இருக்கிறது என்று போய்க்கொண்டிருந்தது. எட்டாம் ஒளித்தரத்தில் ஒரு புள்ளியைக் காலே சொன்னபோது தாரேயின் விரல் நின்றது. அது வரைபடத்தில் இல்லை.

விருந்திலிருந்து என்கேயை அழைத்து வந்தார்கள். மூவரும் அது அடிவானத்தில் இறங்கும்வரை மாறி மாறிப் பார்த்தார்கள். மறுநாள் இரவு அது சற்று நகர்ந்திருந்தது. லெ வெரியர் சொன்ன இடத்துக்கும் அதற்கும் ஒரு பாகைகூட இடைவெளி இல்லை.

மனிதன் கண்ணுக்கு முன் கணக்கால் தொட்ட முதல் கிரகம் இது. இதைவிடப் பெரிய குறியீடு எதையும் சோதிடத்தால் அதன்மேல் ஏற்றிவிட முடியாது என்பதே என் கருத்து. ஆனாலும் இந்த வெற்றியை மிகைப்படுத்தவும் கூடாது. சூரியனிலிருந்து கிரகங்களின் தூரம் ஒரு ஒழுங்கில் இரட்டித்துப் போகிறது என்ற அன்றைய விதியை நம்பி, ஆடம்ஸும் லெ வெரியரும் பூமியின் தூரத்தைப் போல 36, 37 மடங்கில் புதிய கிரகத்தை வைத்தார்கள். உண்மையான தூரம் 30 மடங்கு. பாதை தவறு, நிறையும் தவறு. அந்தச் சில பத்தாண்டுகளுக்கு மட்டும் திசை சரியாக விழுந்தது. இது நல்வாய்ப்பான தற்செயல் என்று ஹார்வர்டின் பெஞ்சமின் பியர்ஸ் உடனே வாதிட்டார். அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. திசை சரியாக விழுந்ததற்குக் காரணம், இழுப்பு வலுவாக இருந்த காலத்து அளவீடுகளை அவர்கள் கையாண்டதுதான். அது வெறும் அதிர்ஷ்டமில்லை.

பிரிட்டனும் பிரான்சும் யார் முந்தி என்று சண்டை போட்டன. கேம்பிரிட்ஜில் வானியலர் சாலிஸ் அந்த ஜூலை இறுதியிலேயே தேடத் தொடங்கி, ஆகஸ்டில் இரண்டு முறை அதைப் பார்த்தும் இனங்காணாமல் விட்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. கிரீனிச்சில் இருந்த நெப்டியூன் கோப்பு 1960களில் காணாமல் போய், 1998இல் மறைந்த வானியலர் ஒருவரின் தாள்களோடு சிலி நாட்டில் கிடைத்தது. அதன் பிறகு ஆடம்ஸின் கணக்கு நிலையாக ஒரே இடத்தைச் சுட்டவில்லை, மாறிக்கொண்டே இருந்தது என்ற கருத்து வலுப்பெற்றது.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால் கலிலியோ நிற்கிறார். 1612 டிசம்பர் 28 அன்று வியாழனையும் அதன் துணைக்கோள்களையும் வரையும்போது பக்கத்தில் ஒரு விண்மீனைக் குறித்தார். அது நெப்டியூன். ஒரு மாதம் கழித்து, 1613 ஜனவரி 28 அன்று மீண்டும் அதைக் கண்டு, பக்கத்து விண்மீனிலிருந்து அதன் தள்ளல் முந்தைய இரவைவிட மாறியிருப்பதுபோல் இருக்கிறதே என்றும் எழுதிவைத்தார். அதற்குமேல் தேடவில்லை. ஆய்வாளர்கள் கோவாலும் டிரேக்கும் அந்தக் குறிப்பேடுகளைப் புரட்டி 1980இல் இதை வெளிக்கொண்டு வந்தார்கள். 1795 மே மாதம் பாரிஸில் லாலாந்து குடும்பத்து வானியலர் ஒருவர் இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை அளந்தார். இடம் ஒத்துவரவில்லை என்றதும், முதல் அளவு பிழை என்று முடிவுகட்டினார். வித்தியாசம் கையில் வந்து விழுந்தது. அதைப் பிழை என்று அடித்துவிட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

இனிப் பெயர். சோதிடப் பொருள் முழுவதும் இங்கேதான் முளைத்தது என்பதால் இதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். காலே ஜேனஸ் என்று வைக்கச் சொன்னார். சாலிஸ் ஓஷியானஸ் என்றார். லெ வெரியர் முதலில் நெப்டியூன் என்று சொல்லிவிட்டு, பிறகு தன் பெயரையே வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். அராகோ அவருக்குத் துணை நின்றார். 1846 டிசம்பர் இறுதியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வானியலர் ஸ்துரூவே நெப்டியூனுக்கு ஆதரவாகப் பேசினார், அது நிலைத்தது. ரோமானியப் புராணத்தில் ஜூபிட்டரின் சகோதரன், சாட்டர்னின் மகன் என்ற உறவுமுறையில் வந்த பெயர் அது. கிரகம் நீலம் என்பதும் அன்று காரணமாக இருக்கவில்லை, அதில் நீர் உண்டு என்பதும் அன்று யாருக்கும் தெரியாது. லெ வெரியரின் ஆசை பலித்திருந்தால் இன்று எந்தச் சோதிடரும் இந்தக் கிரகத்தைக் கடலோடும் கனவோடும் சேர்த்துப் பேசியிருக்க மாட்டார்.

தமிழில் இதற்குச் சேண்மம் என்று ஒரு பெயர் உண்டு. சேண் என்றால் தொலைவு. அழகான பெயர், ஆனால் வழக்கில் ஊன்றவில்லை. இந்தியில் வருணன் என்கிறார்கள். தமிழிலும் சிலர் அப்படி எழுதுகிறார்கள். தொல்காப்பியம் நெய்தலுக்குச் சொல்லும் தெய்வம் வருணன் என்பதால் நம் காதுக்கு அது பொருந்தித்தான் கேட்கிறது. ஆனால் 2000இல் நெப்டியூனுக்கு அப்பால் கண்ட ஒரு சிறுகோளுக்கு உலக அளவில் வருணா என்று பெயர் சூட்டிவிட்டார்கள். இனி அந்தப் பெயரை நெப்டியூனுக்கு வைத்தால் குழப்பமே மிஞ்சும்.

அங்கே உண்மையில் இருப்பது என்ன? சூரியனிலிருந்து ஏறத்தாழ 450 கோடி கி.மீ. தொலைவு. சூரிய ஒளி போய்ச் சேர 4 மணி நேரத்துக்கு மேலாகும். போய்ச் சேர்வதும் பூமிக்குக் கிடைப்பதில் 900இல் ஒரு பங்குதான். பூமியைப் போல் 17 மடங்கு நிறை, 4 மடங்குக்குச் சற்றுக் குறைந்த விட்டம். 16 மணி நேரத்தில் தன்னைச் சுற்றிக்கொள்கிறது. சூரியனைச் சுற்ற 164.8 ஆண்டுகள். 1846இல் கண்ட இடத்துக்கு அது திரும்பியது 2011 ஜூலையில்தான். மேலே ஹைட்ரஜன், ஹீலியம், சிறிது மீத்தேன். அதன் கீழே தண்ணீரும் அம்மோனியாவும் மீத்தேனும் கடும் அழுத்தத்தில் கொதித்து அடர்ந்து கிடக்கும் கூழ். நிற்க ஒரு தரை கிடையாது. மேக உச்சியில் வெப்பம் சுழியத்துக்குக் கீழே சுமார் 200 பாகை. சூரியனிடமிருந்து பெறும் ஆற்றலைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் வெளியே விடுகிறது. அந்த வெப்பம் உள்ளிருந்து வருவது. மணிக்கு 2,000 கி.மீ. வேகத்தில் காற்று அடிக்கிறது. சூரியக் குடும்பத்தில் இதற்கு இணையான வேகம் வேறு எங்கும் அளக்கப்படவில்லை.

அங்கே போன விண்கலம் ஒன்றே ஒன்று. 1977இல் புறப்பட்ட வாயேஜர் 2, 1989 ஆகஸ்ட் 25 அன்று அதன் வடமுனை மேகங்களுக்கு மேலே ஏறத்தாழ 4,950 கி.மீ. உயரத்தில் கடந்தது. பூமி அளவுக்கு ஒரு கரும்புள்ளிச் சூறாவளியைப் படமெடுத்தது. 1994இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோது அது மறைந்துவிட்டிருந்தது. டிரைட்டன் என்ற பெரிய துணைக்கோளையும் அருகில் கண்டது. இந்த டிரைட்டனை லிவர்பூலில் பீர் வடிக்கும் தொழில் செய்த வில்லியம் லாசல், தானே செய்த தொலைநோக்கியில், நெப்டியூன் அகப்பட்ட 17ஆவது நாளே கண்டுபிடித்திருந்தார். கிரகம் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றும் கோள் அது. எங்கிருந்தோ வந்து சிக்கிக்கொண்டது என்பதற்கு அதுவே அடையாளம். சுழியத்துக்குக் கீழே 235 பாகைக் குளிரிலும் அதன் தரையிலிருந்து ஊற்றுகள் பீய்ச்சியடிக்கின்றன.

அந்தப் படங்களில் நெப்டியூன் ஆழ்கடல் நீலம். கடல் தேவன் பெயருக்கும் நிறத்துக்கும் என்ன பொருத்தம் என்று உலகமே வியந்தது. மேகக் கோடுகள் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் படங்களின் நிறத்தைக் கூட்டியிருந்தார்கள். அன்றைய விளக்கக் குறிப்பில் அதைச் சொல்லவும் செய்திருந்தார்கள். காலப்போக்கில் குறிப்பு உதிர்ந்து படம் மட்டும் தங்கிவிட்டது. 2024 ஜனவரியில் ஆக்ஸ்போர்டின் பேட்ரிக் இர்வின் குழு அதைச் சரிசெய்து காட்டியது. உண்மை நிறம் வெளிறிய பசுநீலம். யுரேனஸைவிட ஒரு இழைதான் கூடுதல் நீலம்.

மேற்கத்திய சோதிடம் இந்தக் கிரகத்துக்கு எழுதிய காரகங்களைப் பார்ப்போம்: கடல், கனவு, உள்ளுணர்வு, கருணை, துறவு, இசை, திரைப்படம், போதை, ஏமாற்று, எண்ணெய், வாயு, மருத்துவமனை. திரிசூலம் அதன் குறி. அதுவரை வியாழன் ஆண்ட மீன ராசியை இதற்கு எழுதிக் கொடுத்தார்கள். கஸ்தவ் ஹோல்ஸ்ட் ஆலன் லியோவின் சோதிட நூல்களைப் படித்துவிட்டு 1914 தொடங்கி இயற்றிய கிரகங்கள் இசைத்தொகுப்பில் நெப்டியூன் ‘மெய்யுணர்வாளன்’. கடைசியில் பெண்களின் குரல்கள் ஒலி தேய்ந்து தேய்ந்து மறையும். கலையாக எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஒரு குறியீடு எவ்வளவு தூரம் பயணம் செய்து என்ன அழகைப் பிறப்பிக்கும் என்பதற்கு அது போதும்.

இந்தக் காரகங்களுக்கு அடிப்படை இரண்டு. ஒன்று பெயர், அதைப் பார்த்தோம். இரண்டாவது, ஒரு கிரகம் கண்டுபிடிக்கப்பட்ட காலத்தின் இயல்பே அந்தக் கிரகத்தின் இயல்பு என்ற கொள்கை. நெப்டியூனைக் கண்ட 23ஆவது நாள், 1846 அக்டோபர் 16 அன்று, பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈத்தர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்ய முடியும் என்று காட்டினார். 1848இல் அமெரிக்காவில் ஆவிகளோடு பேசும் இயக்கம் தொடங்கியது. மயக்கம், மறைபொருள், எல்லாம் நெப்டியூன் என்கிறார்கள். கேட்கும்போது உடல் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் கிராஃபோர்ட் லாங் 1842லேயே ஈத்தர் கொடுத்து அறுவை செய்துவிட்டார். ஹொரேஸ் வெல்ஸ் 1844இல் சிரிப்பூட்டும் வாயுவைப் பயன்படுத்தினார். அதே 1844இல் மோர்ஸின் தந்தி ஓடியது; அதை யாரும் நெப்டியூனில் சேர்ப்பதில்லை, பெயருக்குப் பொருந்தவில்லையே! பெயருக்குப் பொருந்தும் நிகழ்ச்சியைக் காலத்திலிருந்து பொறுக்கி, பிறகு காலம் பெயரை நிரூபிக்கிறது என்று சொன்னால் அது வட்டத்திலேயே சுற்றுவதாகிவிடும்.

இதைவிட வலுவான வாதம் சனி நெப்டியூன் சேர்க்கை. 36 ஆண்டுக்கு ஒருமுறை இவை கூடும்: 1846, 1882, 1917, 1953, 1989, 2026. இதில் 1917 ருஷ்யப் புரட்சி, 1953 ஸ்டாலின் மறைவு, 1989 பெர்லின் சுவர் இடிந்தது. 1989 பொதுவுடைமைக்குத் திருப்புமுனை ஆகும் என்று பிரெஞ்சுச் சோதிடர் ஆந்த்ரே பார்போ 1950களிலேயே எழுதியிருந்தார். இதை எளிதாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. பலித்த வாக்கைப் பலித்தது என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் சீனப் புரட்சியின் 1949 இந்த வரிசையில் வரவில்லை. சோவியத் ஒன்றியம் கலைந்த 1991உம் வரவில்லை. 1848இன் பொதுவுடைமை அறிக்கையை 1846க்கு இழுத்து, 1882ஐப் பற்றிப் பேசாமல் நகர்ந்தால்தான் வரிசை அழகாகிறது. ஆறு சந்திப்புகளை வைத்துக்கொண்டு ஒரு விதியை நிறுவ முடியாது.

தனிமனித சாதகத்தில் இன்னொரு சிக்கல். சந்திரன் ஒரு ராசியில் இரண்டேகால் நாள் இருக்கும், சனி இரண்டரை ஆண்டு. நெப்டியூன் ஏறத்தாழ 14 ஆண்டு. ஒரு நட்சத்திரத்தைக் கடக்கவே 6 ஆண்டு ஆகும். ஒரே பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் அத்தனை பேருக்கும் நெப்டியூன் பெரும்பாலும் ஒரே ராசியில் இருக்கும். எனவேதான் மேற்கிலும் அதைத் தலைமுறைக் கிரகம் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

நம் மரபில் இதற்கு இடம் உண்டா? விம்சோத்தரி தசையில் ஒன்பது கிரகங்களுக்கும் பங்கிட்டது போக மிச்சம் எதுவும் இல்லை; கேது 7, சுக்கிரன் 20 என்று தொடங்கி புதன் 17 வரை கூட்டினால் சரியாக 120 ஆண்டு, மனிதனின் நிறை ஆயுள். நெப்டியூனின் ஒரு சுற்றே அந்த ஆயுளைத் தாண்டிவிடுகிறது. தான் பிறந்தபோது நின்ற இடத்துக்கு அது திரும்பி வருவதை எந்த மனிதனும் பார்க்கப்போவதில்லை. இதைப் பற்றி ஒருமுறை எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். மூன்று தலைமுறையாகச் சாதகம் எழுதும் குடும்பம். கட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீ சொல்ற மாயை, போதை, ஏமாத்து எல்லாம் பாம்போட வேலை. ராகு பாத்துக்கிறார். தண்ணியும் மனசும் சந்திரன். மோட்சம் கேது, பன்னெண்டாம் இடம். மீனத்துக்குக் குரு இருக்கார். புதுசா வர்றவருக்கு நான் எந்த வேலையைக் கொடுக்கிறது?”

இதற்கு இணையான தெளிவான பதிலை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒரு முறைமை தனக்குள் நிறைந்திருக்கிறது என்றால் அதன் பொருள் இதுதான். எண்கணிதத்தில் நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். மேற்கத்திய எண்கணிதர் சீரோ 4ஐ யுரேனஸுக்கும் 7ஐ நெப்டியூனுக்கும் கொடுத்தார். தமிழுக்கு வந்ததும் 4 ராகு ஆனது, 7 கேது ஆனது. பெயர்ப்பலகையில் எழுத்தைக் கூட்டி 7 வருகிறதா என்று பார்க்கும் பலருக்கு, தாங்கள் கேதுவின் பெயரில் நெப்டியூனைத்தான் கணக்கிடுகிறோம் என்பது தெரியாது. நேர்மாறான வழியில் போனவர் தமிழரான கே. எஸ். கிருஷ்ணமூர்த்தி. கே.பி. முறை என்று இந்தியா முழுவதும் பரவிய தம் முறையில் யுரேனஸையும் நெப்டியூனையும் பேசினார். இன்றும் அந்த முறைக் கட்டங்களில் இரண்டையும் குறிக்கிறார்கள்.

ராகுவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ராகுவுக்கு உடல் கிடையாது. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் ஒரு கணக்குப் புள்ளி. கண்ணுக்குத் தெரியாமல் கணக்கில் மட்டும் இருந்து கிரகணம் என்னும் விளைவைக் காட்டும் ஒன்றைக் கிரகம் என்று ஏற்ற மரபு நம்முடையது. 1846 செப்டம்பர் 23 மாலை வரை நெப்டியூனும் அப்படிக் கணக்கில் மட்டும் இருந்த புள்ளிதான். அன்றிரவு அதற்கு உடல் வந்தது.

அது அகப்பட்ட இடத்தை நம் கணக்கில் சொன்னால் கும்ப ராசி, அவிட்டம் நான்காம் பாதம். பக்கத்திலேயே, ஆட்சி வீட்டில், சனி. மேற்கத்தியருக்கும் அப்போது கும்பம்தான். ஆனால் எப்போதும் அப்படி ஒத்துவராது. அவர்கள் வசந்த சமநாள் புள்ளியிலிருந்து எண்ணுகிறார்கள், நாம் விண்மீன்களை வைத்து எண்ணுகிறோம். இரண்டுக்கும் இடையே இன்று அயனாம்சம் 24 பாகைக்கு மேல். 2026 பிப்ரவரி 20ஆம் நாள் சேர்க்கை மேற்கத்தியருக்கு மேஷத்தின் முதல் பாகையில். புதிய யுகத் தொடக்கம் என்று அவர்கள் கொண்டாடுவது அதனால்தான். நமக்கோ அது மீனத்தில், உத்திரட்டாதியில். யுகத் தொடக்கம் எதுவும் இல்லை. ஒரே வானம், இரண்டு தலைப்பு. வாக்கியப்படி பார்த்தால் சனி அன்று இன்னும் கும்பத்தையே விடவில்லை.

வாக்கியக் கணக்கை நான் இழிவாகப் பேசவில்லை. 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர் எழுத்தே இல்லாமல், சோழிகளைத் தரையில் அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததை வானியலர் ஜான் வாரன் பக்கத்தில் இருந்து பார்த்துப் பதிவு செய்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் பிசகியது. அது அந்த மனிதரின் பிசகு இல்லை. நூற்றாண்டுகளாகத் திருத்தப்படாத மூல எண்களின் பிசகு. 1860களின் இறுதியில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரி த்ருக் கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிடத் தொடங்கியது இதைத் திருத்தத்தான். 1867இல் ஒரு மாறொளி விண்மீனையும் கண்டுபிடித்தவர் அவர். ‘த்ருக்’ என்றால் கண்ணால் காண்பது. கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகும் கணக்கு என்று பொருள். நம் வாயில் அது திருக்கணிதம் ஆகி, மூலப் பொருள் மறைந்துவிட்டது.

வித்தியாசத்தை நம்பினால் எப்போதும் கிரகம் கிடைக்கும் என்றும் இல்லை. லெ வெரியரே புதனின் பாதையில் ஒரு சிறு பிசகைக் கண்டு, சூரியனருகே வல்கன் என்ற கிரகம் இருக்கவேண்டும் என்றார். பல பேர் பார்த்ததாகவும் சொன்னார்கள். அங்கே எதுவும் இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை என்ற அந்தப் பிசகு, நியூட்டனின் ஈர்ப்பு விதியிலேயே குறை இருந்ததைக் காட்டியது. 1915இல் ஐன்ஸ்டீன் அதை அவிழ்த்தார். நெப்டியூனுக்கு அப்பாலும் ஒன்று இழுக்கிறது என்று நம்பி வானியலர் லோவெல் தொடங்கிய தேடல் 1930இல் புளூட்டோவில் முடிந்தது. ஆனால் புளூட்டோ எதையும் இழுக்கும் நிறை கொண்டதே இல்லை. வாயேஜர் அளந்த நெப்டியூனின் நிறை பழைய கணக்கைவிட அரை சதவீதம் குறைவு என்று தெரிந்ததும், லோவெல் தேடிய வித்தியாசமே கரைந்து போனது. 2016இல் வானியலர்கள் பாடிகினும் பிரவுனும் தொலைதூரச் சிறுகோள்களின் பாதைகளை வைத்து ஒன்பதாம் கிரகம் ஒன்றைச் சுட்டியிருக்கிறார்கள். அது நெப்டியூனாகுமா வல்கனாகுமா என்று இன்னும் தீரவில்லை.

2025இல் சூரியனுக்கு நேர் எதிரே நெப்டியூன் வந்த நாள் செப்டம்பர் 23, அதை முதலில் கண்ட அதே தேதி. நவராத்திரி தொடங்கியிருந்தது, அமாவாசை கழிந்து இரண்டே நாள், இருட்டு நன்றாக இருந்தது. வீட்டில் கொலுவுக்கு வந்தவர்கள் போன பிறகு, பத்து மணிக்கு மேல் இருகண் நோக்கியோடு மொட்டை மாடிக்குப் போனேன். சனி வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு மூன்று பாகைக்குள் தேடினேன். கை நடுங்கியதால் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். ஆறேழு மங்கலான புள்ளிகள். எது நெப்டியூன் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் மகளின் கணக்கு நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

சரஸ்வதி பூஜை இரவு, நிலா மறைந்த பிறகு, இரண்டு மணிக்கு மறுபடி ஏறினேன். நோட்டைச் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சில் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு புள்ளியாகச் சரிபார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது, பென்சில் குறி இருந்த இடத்தில் இல்லை. நிலவின் அகலத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாக, மேற்கே தள்ளி நின்றது.